பித்தளையில் செய்த சாக்ஸபோன் எந்தக் குடும்பம்? – கேள்வி பதில்

பேண்ட் வாத்தியங்கள் பழுது பார்க்கிறவன் நான். ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் சாக்ஸபோன் எடுக்கும் பிள்ளைகள் கூடிவிட்டார்கள், சந்தேகங்களும் கூடிவிட்டன. வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி: அண்ணே, சாக்ஸபோன் முழுக்கப் பித்தளைதானே? எங்கள் பேண்ட் மாஸ்டர் அதை மரக்கருவி என்கிறார். மரம் எங்கே இருக்கிறது?

மாஸ்டர் சொன்னது சரி தம்பி. உடம்பு பித்தளைதான், அதாவது முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாகச் செம்பு, மீதி துத்தநாகம். ஆனால் காற்றை அதிர வைப்பது எது என்று பார்த்துத்தான் குடும்பம் பிரிக்கிறார்கள், உடம்பை எதில் செய்தார்கள் என்று பார்ப்பதில்லை. டிரம்பெட்டில் வாசிப்பவரின் உதடே அதிர்கிறது, சாக்ஸபோனில் மவுத்பீஸில், அதாவது வாயில் வைத்து ஊதும் முனையில், கட்டிய ஒற்றை ரீட் அதிர்கிறது. அந்த ரீட் நாணல் வகைத் தட்டையில் சீவியது. கிளாரினெட்டிலும் அதே வேலைதான், அதனால் இரண்டும் மரத்துளைக் கருவி.

நம் கடலில் எடுக்கிற சங்கை நினைத்துப் பார். அதில் ஒரு குண்டுமணி உலோகம் கிடையாது, ஆனால் உதட்டை அதிர வைத்து ஊதுவதால் டிரம்பெட், எக்காளம் இருக்கிற கூட்டத்தில்தான் அதைச் சேர்ப்பார்கள். நம் பழைய பிரிவில் இந்தக் குழப்பமே வராது. தோல், துளை, நரம்பு, கஞ்சம் (தாளம் போன்ற உலோகக் கருவி) என்று பிரித்தவர்களுக்குச் சங்கும் துளைக்கருவி, நாகஸ்வரமும் துளைக்கருவி, சாக்ஸபோனைக் கொடுத்திருந்தால் அதையும் அங்கேயே வைத்திருப்பார்கள்.

கீழக்கரையிலிருந்து ஒருவர்: அப்படியானால் எந்த உலோகமாக இருந்தாலும் ஒன்றுதானா? வெள்ளி முலாம், வெண்கலம் என்று விலை ஏறிக்கொண்டே போகிறதே.

ஒன்றேதான் என்று சொன்னால் பல வித்வான்கள் சண்டைக்கு வருவார்கள், வாசிப்பவருக்குக் கையில் வித்தியாசம் தெரியத்தான் செய்கிறது. ஆனால் குரலைத் தீர்மானிப்பதில் முதல் இடம் ரீட், மவுத்பீஸ், குழாயின் கூம்பு வடிவம் இந்த மூன்றுக்கும்தான் என்பது என் உறுதியான கருத்து. 1950களில் கிராஃப்டன் என்று பிளாஸ்டிக் உடம்பில் ஓர் ஆல்டோ வகை சாக்ஸபோன் வந்தது, 1953இல் டொராண்டோ கச்சேரியில் ஜாஸ் வித்வான் சார்லி பார்க்கர் அதைத்தான் வாசித்தார், கேட்டால் சாக்ஸபோனாகத்தான் கேட்கிறது. ஆகவே சார், வெள்ளி முலாமுக்குக் கொடுக்கிற கூடுதல் பணத்தில் நல்ல எபோனைட் (கெட்டி ரப்பர்) மவுத்பீஸ் ஒன்றும் ஒரு பெட்டி நல்ல ரீடும் வாங்குங்கள். இன்னொன்று, கீ (விரலால் அழுத்தும் கட்டைகள்) எல்லாம் நிக்கல் சில்வர் என்று கடையில் சொன்னால் மயங்க வேண்டாம். அது செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை, வெள்ளி ஒரு துளியும் இல்லை.

பாம்பனிலிருந்து ஓர் அக்கா: மகளுக்குப் பதினொரு வயது. எத்தனை வகை இருக்கிறது, எதை வாங்க?

ஆல்டோ வாங்குங்கள் அக்கா. பழக்கத்தில் இருப்பவை நான்கு: மேல் குரலில் சோப்ரானோ, அடுத்து ஆல்டோ, டெனர், கீழே பாரிடோன். இவற்றுக்கு மேலும் கீழும் இன்னும் உண்டு, நம் பக்கம் பார்ப்பது அரிது. சோப்ரானோ சின்னதாக நேராக இருப்பதால் சுலபம் என்று தோன்றும், ஆனால் சுருதி நிற்கவே நிற்காது, குழந்தை அழுதுவிடும். டெனர் பிள்ளையின் கழுத்துக்குப் பாரம். ஆல்டோ இரண்டரைக் கிலோ அளவில் இருக்கும், விரலும் எட்டும். அதில் பழகிவிட்டால் நாளை எந்த சாக்ஸபோனை எடுத்தாலும் விரல் வைப்பு அதேதான்.

மண்டபத்திலிருந்து ஒரு தம்பி: கீபோர்டுக்காரர் சி மேஜர் என்கிறார், நானும் சி மேஜர்தான் வாசிக்கிறேன், கொஞ்சமும் சேரவில்லை.

உன் தப்பு இல்லை. ஆல்டோ ஈ-பிளாட் கருவி, நீ சி என்று விரல் வைத்தால் வெளியே கேட்பது ஈ-பிளாட். அவர் சி மேஜர் வாசித்தால் நீ ஏ மேஜரில் போக வேண்டும், பக்கத்தில் டெனர் இருந்தால் அவர் டி மேஜரில். சோப்ரானோவும் டெனரும் பி-பிளாட், ஆல்டோவும் பாரிடோனும் ஈ-பிளாட். அடோல்ஃப் சாக்ஸ் என்ற பெல்ஜியக்காரர் 1846இல் பாரிஸில் சாக்ஸபோனுக்குக் காப்புரிமை எடுத்தபோதே ராணுவ பேண்டுக்கென்று வைத்த வரிசை இது.

தேவிபட்டினத்திலிருந்து ஒருவர்: எங்கள் வீட்டில் நாகஸ்வரம். மகன் சாக்ஸபோன் கேட்கிறான். இரண்டுக்கும் உறவு ஏதும் உண்டா?

நெருங்கிய உறவுதான் ஐயா. நாகஸ்வரத்துச் சீவாளி இரட்டை ரீட், சாக்ஸபோனில் ஒற்றை, அதுதான் பெரிய வித்தியாசம். இரண்டுக்கும் உள்துளை கூம்புதான், அதனால் மேல் ஸ்தாயிக்குப் போகும்போது இரண்டிலும் சரியாக ஓர் எட்டு சுரம் தாவும். உருளைத் துளை உள்ள கிளாரினெட் அப்படிப் போகாது, பன்னிரண்டு தாவும். சாக்ஸபோனில் கர்நாடக இசை வாசித்த கத்ரி கோபால்நாத் சின்ன வயதில் அப்பாவிடம் நாகஸ்வரம் கற்றவர், மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டுத்தான் அதன் பக்கம் வந்தார். கமகத்துக்கு, அதாவது சுரத்தை அசைத்து இழைப்பதற்கு, ஏற்றபடி கருவியையே மாற்றி அமைத்துக்கொண்டார். உங்கள் பையனுக்கு வீட்டிலேயே கமகம் காதில் விழுந்திருக்கும், அது எந்த வகுப்பிலும் கிடைக்காது. தாராளமாக வாங்கிக் கொடுங்கள், நாகஸ்வரத்தையும் விட்டுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

தொண்டியிலிருந்து ஒருவர்: வாங்கி ஒரு வருஷம்தான், அங்கங்கே பச்சை பூக்கிறது. குத்துவிளக்குக்குப் போடுவதுபோலப் புளி போட்டுத் தேய்க்கலாமா?

வேண்டவே வேண்டாம்! மேலே லாக்கர் என்ற மெல்லிய பூச்சு இருக்கிறது, புளி போட்டுத் தேய்த்தால் அது போய்விடும், அப்புறம் உப்புக்காற்று நேராகப் பித்தளையில் படும். அதைவிட மோசம், புளித்தண்ணீர் கீகளுக்கு அடியில் ஓடி எஃகு ஸ்பிரிங்கில் தங்கும். நம் ஊரில் சாக்ஸபோன் சாவது பெரும்பாலும் உடம்பால் இல்லை, ஊசி மாதிரி இருக்கும் அந்த ஸ்பிரிங் துருப்பிடித்து ஒடிவதால்தான். வாசித்து முடித்ததும் உள்ளே துணி விட்டு ஈரத்தை இழுங்கள், இல்லாவிட்டால் தோல் பேட் ஊறி உப்பி ஓட்டையை மூடாது. வெளியே மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தால் போதும். கடற்கரையில் வாசித்துவிட்டு வந்த ராத்திரி நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒரு முறை துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள், பேட் பக்கம் ஈரம் போகக்கூடாது. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மூடி வையுங்கள். கீ தண்டுகளின் முனைகளில் சில மாதத்துக்கு ஒரு முறை ஒரு சொட்டு கீ ஆயில் விட வேண்டும், தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், பிசினாகிவிடும். பச்சை இருக்கட்டும், இளஞ்சிவப்புப் புள்ளி தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அங்கே துத்தநாகம் அரித்துப்போய்ச் செம்பு மட்டும் மிஞ்சுகிறது என்று அர்த்தம், கழுத்துக் குழாயில்தான் முதலில் வரும். அப்படி இருந்தால் தேய்க்காமல் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.