உலக அரசியலைப் படிக்க எங்கே தொடங்குவது?

கேள்வி: குடியாத்தத்தில் தமிழ்வழியில் பி.ஏ. வரலாறு மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சர்வதேச உறவுகளில் எம்.ஏ. சேர ஆசை. தினமும் பேப்பர் படிக்கிறேன், யூடியூபும் பார்க்கிறேன். உக்ரைன், காசா, தைவான் எல்லாமே தெரிந்த மாதிரி இருக்கிறது. எழுத உட்கார்ந்தால் நாலு வரிக்கு மேல் வரவில்லை. ஆங்கிலமும் சுமார்தான். எப்படிப் படிப்பது?

பதில்: நீங்கள் படிப்பது போதவில்லை என்று எனக்குத் தோன்றவில்லை. கைக்கு அடங்காத அளவுக்கு விஷயங்களை அள்ளிக்கொண்டிருக்கிறீர்கள். ஆறு மாதத்துக்கு ஒரே ஒரு பிரச்சினையை எடுங்கள், அதையே விடாமல் தொடருங்கள். உங்களுக்கு நான் சொல்வது இந்தியாவும் வங்கதேசமும் செய்துகொண்ட கங்கை நீர் ஒப்பந்தம்.

குடியாத்தத்துக்கும் கங்கைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். வேலூர் சி.எம்.சி. பக்கத்துக் காந்தி ரோட்டில் நடந்து பாருங்கள். லாட்ஜ், மருந்துக் கடை, சாப்பாட்டுக் கடை என்று வங்க எழுத்தில் போர்டுகள். மேற்கு வங்கத்து நோயாளிகளோடு வங்கதேசத்தவரும் வந்து தங்கும் தெரு அது. 2024 ஆகஸ்ட் 5 அன்று வங்கதேசப் பிரதமராக இருந்த ஷேக் ஹசீனா டாக்காவை விட்டு வெளியேறிய பின், இந்தியா அங்கே விசா வழங்குவதை வெகுவாகக் குறைத்தது. அதற்கு முன்னும் பின்னும் தெருவில் வியாபாரம் எப்படி இருந்தது என்று ஒரு லாட்ஜ் மேனேஜரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் நோட்டின் முதல் பக்கம் அதுவாகவே இருக்கட்டும்.

பிறகு ஒப்பந்தத்தையே படியுங்கள். அதைப் பற்றி யாரோ பேசியதை அல்ல, மூல வாசகத்தை. பன்னிரண்டு பிரிவுகள்தான், சில பக்கங்களில் முடிந்துவிடும். 1996 டிசம்பர் 12 அன்று அப்போதைய பிரதமர்கள் தேவ கவுடாவும் ஷேக் ஹசீனாவும் கையெழுத்திட்டார்கள். ஆயுள் 30 ஆண்டு, ஆகவே 2026 டிசம்பரில் கெடு முடிகிறது. ஆண்டுதோறும் ஜனவரி 1 முதல் மே 31 வரை, மேற்கு வங்கத்தின் ஃபராக்கா அணைக்கு வரும் கங்கை நீரைப் பத்துப் பத்து நாளாகக் கணக்கிட்டுப் பங்கிட வேண்டும். விநாடிக்கு 70,000 கனஅடிக்கு உட்பட்டால் ஆளுக்குப் பாதி.

தகராறு வந்தால்? கூட்டுக் குழு, அதன்பின் கூட்டு நதி ஆணையம், அங்கும் தீராவிட்டால் இரு அரசுகளும் உட்கார்ந்து பேச வேண்டும். அதோடு சரி. இங்கேதான் பாலாற்றை நினைத்துப் பாருங்கள். ஆந்திரம் குப்பம் பக்கம் தடுப்பணையை உயர்த்தினால், 1892-இல் சென்னையும் மைசூரும் செய்த ஒப்பந்தத்தைக் காட்டித் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போகலாம். நாடுகளுக்கு மேல் அப்படி ஒரு நீதிமன்றம் கிடையாது. சர்வதேச நீதிமன்றம் விசாரிக்கவும் இரு தரப்பின் சம்மதம் வேண்டும். பாடநூல்களில் ‘அராஜகம்’ என்று ஒரு சொல் வந்து மாணவர்களைக் குழப்பும். கலவரம் என்று அதற்குப் பொருளில்லை. மேலே கேட்க ஆளில்லாத நிலை, அவ்வளவுதான். பாலாற்றங்கரைப் பிள்ளைக்கு இதைப் புரியவைக்க எனக்கு ஐந்து நிமிஷம்கூட ஆவதில்லை.

கோட்பாடுகளையும் இதே ஆற்றில் வைத்துப் பாருங்கள். மேல்மடை யார் கையில் என்று கேட்பவர் யதார்த்தவாதி. ஆட்சிகள் மாறியும் ஒப்பந்தம் எப்படித் தாக்குப்பிடித்தது என்று கேட்பவர் தாராளவாதி. 1971 வங்கதேச விடுதலைப் போரின் நினைவு இரு நாட்டாரையும் எப்படிப் பார்க்க வைக்கிறது என்று கேட்பவர் ஆக்கவாதி. மூவரும் விட்டுவிடக்கூடிய ஒன்றும் உண்டு: 2011-இல் இரு நாடுகளுக்கும் பொதுவான தீஸ்தா ஆற்றின் நீர் ஒப்பந்தம் நின்றுபோனது மேற்கு வங்க முதல்வர் மம்தா பானர்ஜியின் எதிர்ப்பால். வெளியுறவு டெல்லியோடு முடிந்துவிடுவதில்லை.

நோட்டில் தேதி, யார் என்ன செய்தார், எங்கே படித்தேன் என்று மூன்று நெடுவரிசை போதும். முதல் இரண்டு மாதம் விமர்சன வீடியோக்களைத் தள்ளிவையுங்கள். மற்றவர் கருத்து முதலில் ஏறிவிட்டால் உங்கள் கேள்வி பிறக்காது. ஆங்கிலத்துக்கு வெளியுறவு அமைச்சக இணையதள அறிக்கையில் தினமும் ஒரே ஒரு பத்தியைத் தமிழில் எழுதிப் பாருங்கள். அந்த நடையில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் குறைவு. மூன்று மாதத்தில் பழகிவிடும்.

எம்.ஏ.வுக்குப் புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகம், டெல்லி ஜே.என்.யூ. இரண்டையும் பாருங்கள். நுழைவுத் தேர்வு சி.யு.இ.டி. பி.ஜி. சிவில் சர்வீஸ் நினைப்பும் இருந்தால், மெயின் தேர்வின் பொது அறிவு இரண்டாம் தாளில் சர்வதேச உறவுகள் உண்டு; அதைத் தமிழிலேயே எழுதலாம்.

கங்கை முடிந்ததும் ஏற்றுமதிக்குப் போகும் ஆம்பூர் ஷூவை எடுங்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் பலவற்றுக்கு 50 விழுக்காடு வரி விதித்தது. அதில் பாதிக்கு அவர்கள் சொன்ன காரணம், இந்தியா ரஷ்ய எண்ணெய் வாங்குகிறது என்பது. ரஷ்ய எண்ணெய் மேல் ஏன் கோபம் என்று தேடிப் போனால் உக்ரைனில்தான் போய் நிற்பீர்கள். அன்றைக்கு எழுத உட்காருங்கள், நாலு வரியோடு நிற்காது.