ஃபேனை நிறுத்திட்டு கேளுங்க

கேள்வி: ரெண்டு வருஷமா காசு சேர்த்து சென்ஹைசர் எச்டி 600 ஹெட்போன், கூடவே டேக் (டிஜிட்டல் பாட்டை ஒலி சிக்னலா மாத்துற பெட்டி), ஆம்ப் (அந்த சிக்னலைப் பெருக்குற பெட்டி) எல்லாம் வாங்கிட்டேன் சார். முதல் ராத்திரி கேட்டப்பவே சப்புனு ஆயிடுச்சு. பழைய ஹெட்போன்ல பேஸ் திம்திம்னு அடிக்கும், இதுல அதக் காணோம். கடையில கேட்டா 200 மணி நேரம் சும்மா ஓடவிடுங்க, அப்புறம் கேபிள மாத்துங்கன்றாங்க. வீட்டுக்காரம்மா வேற, பக்கத்துல உக்காந்தா எனக்கும் பாட்டு கேக்குதேன்றாங்க. பணம் வீணா? – மதுரை வாசகர்

பதில்: ஒரு பைசாகூட வீணாகல. 1997ல வந்த மாடல் அது, இன்னமும் தேடி வாங்குறாங்கன்னா காரணம் இருக்கு. வெளிப்பக்கம் வலை மாதிரி இருக்குல்ல, அதான் ஓப்பன் பேக், சத்தம் வெளிய போகத்தான் செய்யும், வெளிச்சத்தமும் உள்ள வரும், அதனால முதல்ல அந்த சீலிங் ஃபேனை நிறுத்துங்க, இல்ல ஒண்ணுல வைங்க. அடி பேஸ் இதுல கம்மிதான், மறைக்கல. ஆனா குரல்னு வந்துட்டா இதுக்கு ஈடு எனக்குத் தெரிஞ்சு ரொம்பக் கம்மி. கேபிளுக்கு காசு போடாதீங்க. ஓடவிடுறதும் வேணாம், பழக வேண்டியது உங்க காதுதான், ஒரு வாரம் பழைய ஹெட்போனைத் தொடாம இருங்க.

நூறு தடவ கேட்ட ராஜா பாட்டு ஒண்ணை எடுங்க, 80கள்ல வந்தது. குரலை விட்டுட்டு பேஸ் கிட்டாரை மட்டும் பிடிச்சுக்கிட்டே போங்க, அது தாளத்துக்கு துணையா நிக்காம தனியா ஒரு மெட்டு பாடிக்கிட்டு போகும். சரணம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பாடகர் மூச்சு இழுக்குறது கேக்கும் பாருங்க, எனக்கு முதல் தடவ அது கேட்டப்ப கண்ணு கலங்கிடுச்சு. அப்புறம் நல்லா ரெக்கார்ட் பண்ண ஒரு கச்சேரி. மிருதங்கத்துல இடப்பக்கத் தொப்பி கும்முனு அமுங்குறதும் வலப்பக்க வலந்தலை கணீர்னு விழறதும் தனித்தனியா வரும். 80களுக்கும் முந்தின மோனோ பாட்டெல்லாம் (ரெண்டு காதுக்கும் ஒரே சத்தம் வர்ற பதிவு) தலைக்கு நடுவுலயே நிக்கும், பதிவே அப்படித்தான், பழுதுன்னு நினைக்காதீங்க.

கேள்வி: அவசரத்துக்கு அதையே மொபைல்ல சொருகலாமா? எவ்ளோ நேரம் கேக்கலாம்? – அதே வாசகர்

பதில்: சொருகலாம், ஒண்ணும் ஆகாது. ஆனா சாதா இயர்போனோட மின்தடை 16, 32 ஓம்தான், இது 300 ஓம், அதுக்கு வோல்டேஜ் நிறைய வேணும், நிறைய போன்ல வால்யூம் முழுசா வச்சாலும் போதாது. அதுக்குத்தான ஆம்ப் வாங்கினீங்க. அதுலயும் ஒரு விஷயம், சத்தம் சுத்தமா இருக்குறதால எவ்ளோ ஏத்துறோம்னே தெரியாது, குமிழ் தானா மேல போயிடும். உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம், 90 ஆச்சுன்னா வெறும் 4 மணி நேரம். கேக்க ஆரம்பிக்கும்போது எங்க வச்சீங்களோ அங்க பென்சில்ல ஒரு கோடு போட்டுக்கங்க, அதத் தாண்டாதீங்க.