லாஸ் கேட்டோஸ் மலைக்கு எந்த ஸ்கேனர்?

தம்பி, கலிஃபோர்னியாவில் லாஸ் கேட்டோஸ் மலைப்பக்கம் புதிதாகக் குடிவந்திருக்கிறோம், காட்டுத்தீயை நினைத்து வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை, தீயணைப்புக்காரர்களின் ரேடியோ பேச்சைக் கேட்கப் பழைய யூனிடன் பிசிடி396எக்ஸ்டி ஸ்கேனர் ஒன்று 180 டாலருக்கு வருகிறது, வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். உங்கள் தேவைக்கு அதைவிட மலிவானதே போதும்.

முதலில் யாருடைய பேச்சைக் கேட்கப் போகிறோம் என்று முடிவு செய்யுங்கள். போலீஸைக் கேட்கும் ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள். தனிநபர் விவரங்கள் ரேடியோவில் வெளியே போகக் கூடாது என்று 2020 அக்டோபரில் கலிஃபோர்னியா டிபார்ட்மென்ட் ஆஃப் ஜஸ்டிஸ் சுற்றறிக்கை அனுப்பியதிலிருந்து, பல ஊர்களில் போலீஸ் சேனல்கள் என்கிரிப்ட் ஆகிவிட்டன, அதாவது வெளியார் கேட்க முடியாதபடி பூட்டப்பட்டுவிட்டன. பாலோ ஆல்ட்டோ நகரம் 2021இல் மூடியதை மறு ஆண்டே திறந்துவிட்டது. என்கிரிப்ட் ஆனது எத்தனை விலை உயர்ந்த ஸ்கேனரிலும் கேட்காது.

அடுத்து, நம் சான்டா கிளாரா கவுண்டியில் போலீஸ், ஃபயர் துறைகள் பேசும் எஸ்விஆர்சிஎஸ் ரேடியோ அமைப்பு. அது பி25 என்ற டிஜிட்டல் முறையின் புதிய வகையான ஃபேஸ் 2. உங்களுக்கு வந்திருக்கும் 396எக்ஸ்டிக்கு ஃபேஸ் 1 மட்டும்தான் தெரியும். விளம்பரத்தில் 'டிஜிட்டல்' என்று மொட்டையாகப் போட்டிருந்தால் ஏமாறுவது இங்கேதான். மாடல் எண்ணைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பிசிடி436ஹெச்பி ஃபேஸ் 2 கேட்கும். ஆனால் பல கோபுரங்கள் ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் ஒலிபரப்பும் இடங்களில் அதில் பேச்சு உடைந்து உடைந்து வரும். அதைச் சமாளிக்க 2018இல் வந்த எஸ்டிஎஸ்100தான் சரி, ஆனால் பழையதுகூட விலை இறங்குவதில்லை.

இனி உங்கள் விஷயம். மலைக்காட்டில் தீப்பிடித்தால் வருவது மாநிலத் தீயணைப்புத் துறையான கால் ஃபயர், நம் பக்கத்துக்கு அதன் சான்டா கிளாரா யூனிட். அவர்கள் இன்னும் டிஜிட்டல் அல்லாத பழைய முறையான விஹெச்எஃப் அனலாகில்தான் பேசுகிறார்கள். யூனிடன் பிசி125ஏடி போன்ற சாதாரண அனலாக் ஸ்கேனரே அதற்குப் போதும். ரெண்டு டபிள்-ஏ பேட்டரியில் ஓடும். ரேடியோ ரெஃபரன்ஸ் தளத்தில் அந்த யூனிட்டின் அலைவரிசைகள் இலவசமாகவே கிடைக்கும்; யூஎஸ்பி கேபிள் போட்டு கம்ப்யூட்டரிலிருந்து ஏற்றிக்கொள்ளலாம்.

இதே பேச்சைக் கேட்க ஃபோனில் ஆப் இருக்கிறதே என்பீர்கள். 2019 அக்டோபரில் பலத்த காற்றில் மின்கம்பிகளால் தீப்பிடிக்கும் என்று பயந்து மின்சாரத்தை நிறுத்தியபோது மரின் கவுண்டியில் பாதிக்கும் மேற்பட்ட செல் டவர்கள் செயலிழந்தன. ஆப் தேவைப்படும் நாளில்தான் ஆப் வேலை செய்யாமல் போகும்.

கேட்கப் பழகுங்கள். முதலில் டிஸ்பாட்ச் (கட்டுப்பாட்டு அறை) 'வெஜிடேஷன் ஃபயர்' (புல், புதர், மரத் தீ) என்று இடத்தைச் சொல்லி வண்டிகளை அனுப்பும். முதலில் போய்ச் சேரும் எஞ்சினிலிருந்து வரும் ரிப்போர்ட்டைத்தான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும்: எத்தனை ஏக்கர், புல்லா புதரா மரமா, எந்தப் பக்கம் காற்று, பரவும் வேகம் என்ன, வீடுகளுக்கு ஆபத்தா. 'ஸ்லோ ரேட் ஆஃப் ஸ்ப்ரெட்' என்றால் மெதுவாகப் பரவுகிறது, கொஞ்சம் ஆசுவாசம். 'ஸ்ட்ரக்சர்ஸ் த்ரெட்டன்ட்' (கட்டிடங்களுக்கு ஆபத்து) என்று வந்து, சொல்லும் ரோடு உங்கள் பக்கம் என்றால் பிள்ளைகளுக்குச் செருப்பு மாட்டுங்கள், பாஸ்போர்ட், விசா பேப்பர்களை வண்டியில் வையுங்கள். 'ஃபார்வர்ட் ப்ராக்ரஸ் ஸ்டாப்ட்' என்றால் தீ முன்னேறுவதை நிறுத்திவிட்டார்கள். ஒரு கோடை கேட்டால் இந்தப் பேச்சு பழகிவிடும்.

பழையது வாங்கும்போது பேட்டரி மூடியைக் கழற்றி, உள்ளே பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள். வால்யூம் குமிழைத் திருகும்போது கரகரப்பு வரக்கூடாது. ஆண்டெனாவை லேசாக அசைத்தால் சத்தம் விட்டுவிட்டு வந்தால் அதன் இணைப்பு போய்விட்டது என்று அர்த்தம். விற்பவர் வாசலிலேயே 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள, அரசின் ஏழு நோவா வானிலைச் சேனல்களைப் போட்டுப் பாருங்கள். 24 மணி நேரமும் கம்ப்யூட்டர் குரல் பேசிக்கொண்டே இருக்கும். ஒன்றுகூடத் தெளிவாகக் கேட்காவிட்டால் பணத்தை எடுக்காதீர்கள். தீ எளிதில் பரவும் வானிலைக்கான ரெட் ஃப்ளாக் எச்சரிக்கையும் அந்தச் சேனலில் வரும். 90களில் வந்த செட்டுகள் அடிமாட்டு விலைக்குக் கிடைத்தாலும் தொடாதீர்கள். ரேடியோ சேனல்களின் அகலத்தைக் குறைத்த 2013 நேரோபேண்டிங்குக்குப் பிறகு அவற்றில் பல இன்றைய அலைவரிசைகளில் சரியாக நிற்பதில்லை.

நீங்கள் விசாவில் இருப்பதால் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். என்கிரிப்ட் ஆகாத ஃபயர், போலீஸ் பேச்சை வீட்டில் கேட்பது குற்றமில்லை. கேட்டதைக் குற்றத்துக்கோ சொந்த ஆதாயத்துக்கோ பயன்படுத்துவது குற்றம். நியூயார்க், ஃப்ளோரிடா போன்ற மாநிலங்களில் காரில் ஸ்கேனர் வைத்திருக்கவே கட்டுப்பாடு உண்டு, அந்தப் பக்கம் பயணம் போனால் எடுத்துப் போகாதீர்கள். காதில் விழுந்த ரோடு பெயரை உடனே வாட்ஸாப் குரூப்பில் போடவும் வேண்டாம். பாதி கேட்ட செய்தி நாலு குடும்பத்தைத் தவறான ரோட்டில் இறக்கிவிடும்.

வெளியேறச் சொல்லும் உத்தரவு கவுண்டியிடமிருந்துதான் வரும், ஸ்கேனர் அதற்கு மாற்று இல்லை. கவுண்டியின் அவசர அறிவிப்புச் சேவையான அலர்ட்எஸ்சிசியில் உங்கள் நம்பரையும் மனைவியின் நம்பரையும் இன்று ராத்திரியே பதிவு செய்துவிடுங்கள், ஸ்கேனரை அடுத்த வாரம்கூட வாங்கிக்கொள்ளலாம்.