அழுகிறவர்களுக்கும் ஜெயம் உண்டு: உயிர்த்தெழுதல் குறித்து வாசகர் கேள்விகள்

உயிர்த்தெழுந்த திருநாளையொட்டி வந்த கடிதங்களில் நான்கை இம்முறை எடுத்துக்கொள்கிறேன். முதல் கடிதத்திற்கு நீண்ட பதில் தேவைப்பட்டது.

கேள்வி: என் கணவர் மரித்து எட்டு மாதங்கள் ஆகின்றன. அடக்க ஆராதனையின்போது சபையின் மூத்தவர் ஒருவர், "உயிர்த்தெழுதலை நம்புகிறவர்கள் இப்படி அழலாமா?" என்று கேட்டார். அன்றிலிருந்து யாருக்கும் தெரியாமல்தான் அழுகிறேன். என் விசுவாசத்தில் குறைவு இருக்கிறதா?

பதில்: சகோதரி, குறைவு உங்கள் விசுவாசத்தில் இல்லை, அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. பெத்தானியாவில் லாசருவின் கல்லறைக்குச் சென்ற இயேசு, இன்னும் சிறிது நேரத்தில் அவனைப் பெயர் சொல்லி வெளியே அழைக்கப்போகிறார் என்பதை அறிந்தவராகவே சென்றார். "நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்" என்று லாசருவின் சகோதரி மார்த்தாளிடம் சொன்னதும் அவரே. அப்படியிருந்தும் மற்றச் சகோதரியாகிய மரியாள் அழுவதைக் கண்டபோது அவர் கண்ணீர் விட்டார் என்று யோவான் 11ஆம் அதிகாரம் சொல்லுகிறது. உயிர்த்தெழுதலை உங்களைவிட உறுதியாக அறிந்திருந்தவர் அழுதிருக்கும்போது, உங்கள் அழுகையைத் தடுக்க யாருக்கு உரிமை இருக்கிறது?

"நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போல" துக்கிக்க வேண்டாம் என்று தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதியதை அந்த மூத்தவர் மனதில் கொண்டிருக்கலாம். ஆனால் அந்த வாக்கியம் துக்கத்தைத் தடை செய்யவில்லை. நம்பிக்கையற்ற துக்கத்திலிருந்து விசுவாசியின் துக்கத்தைப் பிரித்துக் காட்டுகிறது. தம்முடைய உடன்வேலையாளாகிய எப்பாப்பிரோதீத்து வியாதியில் மரணத்திற்குச் சமீபமாய்ப் போனதைக் குறித்து அதே பவுல் பிலிப்பியருக்கு எழுதும்போது, துக்கத்தின்மேல் துக்கம் தமக்கு நேரிடாதபடி தேவன் தமக்கும் இரங்கினார் என்கிறார். நண்பன் மரித்திருந்தால் மனம் நொறுங்கிப்போயிருக்கும் என்று ஒப்புக்கொள்ள அந்த அப்போஸ்தலன் வெட்கப்படவில்லை. விசுவாசத்திற்காகக் கல்லெறியப்பட்டு மரித்த ஸ்தேவானை அடக்கம் பண்ணினவர்களும் தேவபக்தியுள்ளவர்கள்தாம். அவர்கள் அவனுக்காக மிகவும் துக்கங்கொண்டாடினார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் பதிவு செய்திருக்கிறது. வானங்கள் திறந்திருக்கக் கண்டேன் என்று சொல்லி மரித்தவனுக்காகவே அவர்கள் அழுதார்கள்.

கிறிஸ்தவ விசுவாசம் மரணத்தை நண்பன் என்று அழைப்பதில்லை. கி.பி. 55ஆம் ஆண்டையொட்டி எபேசுவிலிருந்து பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் 15ஆம் அதிகாரம், "பரிகரிக்கப்படுங் கடைசிச் சத்துரு மரணம்" என்கிறது. சத்துரு உங்கள் வீட்டிற்குள் புகுந்து, நீங்கள் நேசித்தவரை உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். அதற்காக அழுவது அந்தச் சத்துருவைச் சத்துரு என்று அறிந்திருப்பதன் அடையாளம்.

அப்படியானால் நம்பிக்கை எங்கே இருக்கிறது? அதே அதிகாரத்தின் ஒரு சொல்லில் நீங்கள் சற்றுத் தங்கவேண்டுமென்று விரும்புகிறேன். கிறிஸ்து மரித்தோரிலிருந்தெழுந்து, "நித்திரையடைந்தவர்களில் முதற்பலனானார்" என்று பவுல் எழுதுகிறார். முதற்பலன் என்பது அலங்காரச் சொல் அன்று. அறுப்பின் காலத்தில் முதல் கதிர்க்கட்டை ஆசாரியனிடத்தில் கொண்டுவர வேண்டும், அதை அவன் ஓய்வுநாளுக்கு மறுநாளில் கர்த்தருடைய சந்நிதியில் அசைவாட்ட வேண்டும் என்று லேவியராகமம் 23ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. அந்த ஒரு கட்டு சந்நிதியில் அசைவாட்டப்படும்போது மற்றக் கதிர்கள் இன்னும் வயலில்தான் நிற்கின்றன. ஆனாலும் அவை அதே நிலத்தின், அதே அறுப்பின் கதிர்கள் என்பதால், அவையும் களத்திற்கு வந்து சேரும் என்பதற்கு அந்தக் கட்டே உறுதியாகிறது. ஓய்வுநாளுக்கு மறுநாளாகிய வாரத்தின் முதலாம் நாளில் கிறிஸ்து எழுந்தார். ஆகையால் அவருடைய உயிர்த்தெழுதல் அவரோடு முடிந்துபோன ஓர் அற்புதம் அல்ல. அவருக்குள் மரித்த அனைவரையும் சேர்க்கும் அறுப்பின் தொடக்கம். உங்கள் கணவர் அந்த அறுப்பைச் சேர்ந்தவர்.

ஆதிச் சபை தன் மரித்தோரை அடக்கம் செய்த இடத்திற்குக் கிரேக்கத்தில் வழங்கிய பெயருக்கு "உறங்கும் இடம்" என்பதே பொருள். உறங்குகிறவரை எழுப்பும் விடியல் ஒன்று உண்டு என்று நம்பியே அவர்கள் அந்தப் பெயரைச் சொன்னார்கள். அந்த விடியலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் நீங்கள் அழலாம், சகோதரி. ஒளிந்து அழ வேண்டிய அவசியமில்லை.

கேள்வி: லாசருவும் மரித்து எழுந்தான், யவீருவின் மகளும் எழுந்தாள். அப்படியிருக்க இயேசுவின் உயிர்த்தெழுதலை மட்டும் ஏன் தனித்துச் சொல்கிறோம்?

பதில்: அவர்கள் பழைய வாழ்வுக்குத் திரும்பினார்கள், மறுபடியும் மரணத்தைச் சந்திக்க வேண்டியிருந்தது. லாசருவையும் கொலை செய்யப் பிரதான ஆசாரியர் ஆலோசித்தார்கள் என்று யோவானே சொல்லுகிறார். இயேசுவோ மரணத்தைக் கடந்து மறுபுறம் சென்றார். மரித்தோரிலிருந்து எழுந்த அவர் இனி மரிப்பதில்லை, மரணம் இனி அவரை ஆண்டுகொள்ளுவதில்லை என்று ரோமர் 6ஆம் அதிகாரம் கூறுகிறது. லாசரு கல்லறையிலிருந்து வெளியே வந்தபோது அவனுடைய கால்களும் கைகளும் பிரேதச் சீலைகளினால் கட்டப்பட்டிருந்தன. மற்றவர்கள் அவிழ்த்துவிட வேண்டியிருந்தது. இயேசுவின் கல்லறையிலோ சீலைகள் உள்ளேயே கிடந்தன, தலையில் சுற்றியிருந்த சீலை தனியே சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. யோவான் இந்த நுணுக்கத்தைக் காரணமின்றி எழுதினார் என்று எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: "ஜெயமுள்ள வாழ்க்கை" என்று பிரசங்கத்தில் கேட்கிறேன். நானோ பல ஆண்டுகளாக ஒரே பாவத்தில் விழுந்து எழுந்து, மறுபடியும் விழுகிறேன். உயிர்த்தெழுதலின் வல்லமை என்னிடத்தில் ஏன் பலிக்கவில்லை?

பதில்: "மரணத்தின் கூர் பாவம்" என்று பவுல் எழுதும்போது, கூர் என்பதற்குத் தேளின் கொடுக்கையும் குறிக்கும் கிரேக்கச் சொல்லையே எடுத்தாளுகிறார். மரணம் நம்மை அச்சுறுத்துவது, கணக்குத் தீராத குற்றத்தோடு தேவனுக்கு முன்பாக நிற்க வேண்டும் என்ற விஷத்தினால்தான். கிறிஸ்து நம்முடைய பாவங்களுக்காக ஒப்புக்கொடுக்கப்பட்டு, நாம் நீதிமான்களாக்கப்படுவதற்காக எழுப்பப்பட்டார் என்று ரோமர் 4ஆம் அதிகாரத்தின் இறுதியில் வாசிக்கிறோம். சிலுவையில் செலுத்தப்பட்ட கிரயம் ஏற்றுக்கொள்ளப்பட்டது என்பதற்குத் திறந்த கல்லறையே அத்தாட்சி. ஆகவே நீங்கள் ஜெயத்தை நோக்கிப் போராடுவதாக நினைக்க வேண்டாம். தீர்ப்பு கிடைத்துவிட்ட ஜெயத்திற்குள் நின்று போராடுகிறீர்கள். முந்தைய நிலையில் ஒவ்வொரு வீழ்ச்சியும் உங்களைத் தள்ளிவிடுகிறது. பிந்தைய நிலையில் வீழ்ந்த இடத்திலிருந்தே உங்களை அழைக்கும் குரல் ஒன்று உண்டு.

பேதுருவைப் பாருங்கள். கரிநெருப்பின் அருகே குளிர்காய்ந்துகொண்டு மூன்று தரம் ஆண்டவரை மறுதலித்தவன் அவன். உயிர்த்தெழுந்த நாளின் காலையில் கல்லறையிலிருந்த தூதன் ஸ்திரீகளிடம், "அவருடைய சீஷரிடத்திற்கும் பேதுருவினிடத்திற்கும்" போய்ச் சொல்லும்படி கூறியதாக மாற்கு எழுதுகிறார். சீஷர்களில் அவனும் ஒருவன்தானே. பெயரைத் தனியாகச் சொன்னது ஏன்? சீஷர் என்ற சொல் இனி தனக்குப் பொருந்தாது என்று அவன் நினைத்திருப்பான் என்பதை ஆண்டவர் அறிந்திருந்ததனால் அல்லவா? பின்பு திபேரியாக் கடற்கரையில், மறுபடியும் ஒரு கரிநெருப்பின் அருகே, மூன்று தரம் "என்னை நேசிக்கிறாயா" என்று கேட்டு, மூன்று தரமும் தம் ஆடுகளை அவனிடம் ஒப்புவித்தார். உயிர்த்தெழுதலின் வல்லமை முதலில் இப்படித்தான் பலிக்கும்: தோற்றவனைத் தேடி வந்து, அவன் தோற்ற இடத்தின் நினைவையே தொட்டுக் குணமாக்கும். உங்கள் பாவத்தை அறிக்கையிட நம்பத்தக்க ஒரு போதகரையோ முதிர்ந்த விசுவாசியையோ தேடிக்கொள்ளுங்கள். தனிமையில் நடக்கும் போராட்டம் வெட்கத்தைத்தான் வளர்க்கும்.

கேள்வி: ஒன்பது ஆண்டுகளாகப் படுக்கையில் இருக்கும் என் மாமியாரைப் பராமரிக்கிறேன். சுகத்திற்காக ஜெபிக்காத நாளில்லை. "உயிர்த்தெழுந்தவரின் வல்லமையை நீ உண்மையாக நம்பினால் சுகம் வந்திருக்கும்" என்கிறார்கள். நான் தோற்றுவிட்டேனா?

பதில்: அப்போஸ்தலர் நடபடிகள் 12ஆம் அதிகாரத்தை அவர்களோடு சேர்ந்து வாசியுங்கள். தொடக்கத்திலேயே யோவானின் சகோதரனாகிய யாக்கோபு ஏரோதின் பட்டயத்தினால் கொலை செய்யப்படுகிறான். சில வசனங்கள் கழித்துப் பேதுரு தூதனால் சிறையிலிருந்து விடுவிக்கப்படுகிறான். அதே சபை, அதே ஆண்டவர். யாக்கோபுக்கு விசுவாசம் குறைவாயிருந்தது என்று வேதம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. தமது மாம்சத்திலிருந்த முள் நீங்க வேண்டுமென்று பவுல் மூன்று தரம் வேண்டிக்கொண்டபோதும் முள் நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதிலே கிடைத்தது. நாம் "முற்றும் ஜெயங்கொள்ளுகிறவர்களாயிருக்கிறோமே" என்று ரோமர் 8ஆம் அதிகாரம் முழங்குவதும், அடிக்கப்படும் ஆடுகளைப்போல எண்ணப்படுகிறோம் என்ற வசனத்திற்கு அடுத்தபடியாகவே. ஆண்டவருடைய மகிமையின் சரீரத்திலும் ஆணிகளின் காயங்கள் இருந்தன; தோமாவுக்கு அவர் காட்டியது அவற்றைத்தான்.

சுகத்திற்காகத் தொடர்ந்து ஜெபியுங்கள். ஆனால் உங்கள் ஜெயத்தை மாமியார் எழுந்து நடப்பதைக் கொண்டு அளக்காதீர்கள். கடைசி எக்காளத்தையும், "மரணமே! உன் கூர் எங்கே?" என்ற கேள்வியையும் எழுதிய பவுல், 1 கொரிந்தியர் 15ஆம் அதிகாரத்தைப் பரலோகத்தின் வர்ணனையோடு முடிக்கவில்லை, கர்த்தருக்குள் நீங்கள் படுகிற பிரயாசம் விருதாவாயிராது என்று முடிக்கிறார். அடுத்த வசனத்திலேயே எருசலேமின் பரிசுத்தவான்களுக்காகச் சேர்க்கும் தர்மப்பணத்தைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார். அதிகாரப் பிரிவு பிற்காலத்தில் வந்தது. அவருடைய மனதில் உயிர்த்தெழுதலும் எளியவருக்குச் செய்யும் உதவியும் அடுத்தடுத்தே நின்றன. நீங்கள் நாள்தோறும் கழுவி, உடுத்தி, புரட்டிப் படுக்க வைக்கும் அந்தச் சரீரமும் எழுப்பப்படப் போகிற சரீரம்தான். உங்களுக்கு ஆலோசனை சொல்லுகிறவர்களிடம் வாரத்தில் ஒரு நாள் வந்து உங்கள் இடத்தில் அமரும்படி கேளுங்கள். கேட்கத் தயக்கமாயிருந்தால் இந்தப் பக்கத்தை உங்கள் போதகரிடம் கொடுங்கள்.