நமீபியாவில் கடலை ஒட்டியே பாலைவனம் இருப்பது ஏன்?

ஆண்டுக்கு ஏறத்தாழ 250 மில்லிமீட்டருக்கும் குறைவாக மழை பெய்யும் நிலப்பகுதியே பாலைவனம். அங்கே மணல் இருந்தாக வேண்டும் என்பதில்லை. தென்மேற்கு ஆப்பிரிக்க நாடான நமீபியாவின் கரையோரமாக, பெங்குவேலா என்னும் குளிர்ந்த கடல்நீரோட்டம் வடக்கு நோக்கி ஓடுவதால், அதன்மேல் தங்கும் காற்று குளிர்ந்து கனத்து, மேலெழுந்து மழைமேகமாக மாற இயலாமல் தாழ்வாகவே கிடக்கிறது. பனிக்கட்டி போட்ட செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதைப் போல, அக்காற்றின் ஈரம் மூடுபனியாகத் திரண்டு கரையேறுவதோடு சரி. அங்குள்ள கருவண்டு ஒன்று, மணற்குன்றின் முகட்டில் தலையைத் தாழ்த்திப் பின்புறத்தை உயர்த்தி நின்று, முதுகில் படியும் பனித்துளிகள் வாய்க்கு வழிந்துவரச் செய்து நீர் அருந்துகிறது; காண விரும்புவோர் விடியலிலேயே கிளம்ப வேண்டும்.

பாலைவனம் என்றாலே எந்நேரமும் வெயில் கொளுத்தும் என்றெண்ணி மெல்லிய பருத்தியாடைகளோடு மட்டும் வருவோர் பலர். ஸ்வாகோப்மண்ட் போன்ற கரையோர ஊர்களில் கோடைக் காலையிலும் கம்பளிச் சட்டை தேவைப்படலாம்.