தாளில் ஓர் அம்புக்குறி

அன்புள்ள ஐயா,

நானும் மூன்று நண்பர்களும் வரும் தைப்பூசத்தில் ஒரு குறும்படம் எடுக்கப் போகிறோம். அப்பா இறந்தபின் அவர் எடுத்துவந்த காவடியை மகன் முதன்முறையாக எடுக்கிறான். பாதி எங்கள் வீட்டுக் கதைதான். நிஜ ஊர்வலத்துக்குள்ளேயே எடுக்க ஆசை. கையில் ஒரு கேமரா, இரண்டு போன். ஒவ்வொரு ஷாட்டையும் கட்டம் கட்டி வரையும் ஸ்டோரிபோர்டு இல்லாமல் போகாதே என்கிறான் ஒரு நண்பன். கம்ப்யூட்டரில் ப்ரீவிஸ், அதாவது படத்தின் மாதிரி ஒன்றை முன்கூட்டியே செய்து பார்க்கலாம் என்கிறான் இன்னொருவன். எனக்கு நேர்க்கோடுகூட வரைய வராது. பக்தியைக் கட்டம் கட்டி வரைந்துவிட்டால் உயிர் போய்விடாதா என்ற தயக்கமும் இருக்கிறது.

ச., ரோஸ் ஹில், மொரிஷியஸ்

அன்புள்ள ச.,

வரையுங்கள். நிஜ ஊர்வலத்துக்குள் எடுப்பதால்தான் வரைந்தே ஆக வேண்டும். ஸ்டுடியோவில் தவறினால் இன்னொரு டேக் போகலாம். காவடி உங்களைக் கடந்துபோய்விட்டால் அடுத்த தைதான்.

சில வருடங்களுக்கு முன் நானும் இப்படி ஒரு கூட்டத்தோடு கிளம்பினேன். கையில் ஒரு தாள்கூட இல்லை. ஆற்றங்கரையில் அலகு குத்த ஆரம்பித்ததும் நாங்கள் நால்வரும் அங்கேயே போய் நின்றுவிட்டோம். நாக்கில் வேல் இறங்குவது நான்கு கோணத்தில் இருக்கிறது. அந்தப் பையனின் கையைப் பிடித்துக்கொண்டிருந்த அக்காவின் முகம் ஒன்றில்கூட இல்லை. எடிட்டிங்கில் உட்கார்ந்தபோது அதைவிடப் பெரிய பிழை தெரிந்தது. சாலையின் இரண்டு பக்கமும் நின்று எடுத்திருந்தோம். ஒரு ஷாட்டில் காவடி இடமிருந்து வலம் போகிறது, அடுத்ததில் வலமிருந்து இடம். பார்த்தவர்கள், “கோயிலிலிருந்து திரும்பி வருகிறார்களா?” என்று கேட்டார்கள். காவடி போகும் திசையை ஒரு கோடாக நினைத்து, கேமராக்கள் எல்லாம் அதற்கு ஒரே பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். தாளில் ஓர் அம்புக்குறி போட்டிருந்தால் முந்தின நாளே கண்ணில் பட்டிருக்கும்.

அம்புக்குறி போட உங்களுக்கு வரும் அல்லவா? அவ்வளவு ஓவியம் போதும். தலைக்கு ஒரு வட்டம், உடம்புக்கு ஒரு குச்சி, காவடிக்கு ஒரு வளைவு. கட்டத்துக்குக் கீழே யார் எங்கே நிற்பது, எத்தனை மணிக்கு, எவ்வளவு தூரத்தில் என்று எழுதிவிடுங்கள்.

தூரம் ஏன்? பெரும்பாலான போன்களின் பிரதான லென்ஸ் ஏறக்குறைய 24 மில்லிமீட்டர் லென்ஸ் போலப் பார்க்கும். 4 மீட்டர் தள்ளி நின்றால் சுமார் 6 மீட்டர் அகலம் உள்ளே வந்துவிடும். காவடியோடு கூட்டமும் ஓரத்தில் தண்ணீர் ஊற்றுகிறவர்களும் நிறுத்திவைத்த கார்களும் சேர்ந்து வரும். மகனின் முகம் எங்கோ தொலைந்திருக்கும். அதே இடத்தில் ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமராவில் 50 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டால் உள்ளே வரும் அகலம் 3 மீட்டருக்கும் சற்றுக் குறைவு. ஆளும் காவடியும் மட்டும் நிறைந்து நிற்பார்கள். வீட்டு முற்றத்தில் ஒரு நண்பனின் தோளில் பிளாஸ்டிக் நாற்காலியை ஏற்றி நிறுத்தி, அளவுநாடா பிடித்துப் பார்த்துவிடுங்கள்.

மணியையும் சும்மா எழுதச் சொல்லவில்லை. தை மாதத்தில் சென்னையின் நடுப்பகல் வெயில் தெற்கே சாய்ந்திருக்கும். நம் தீவு தென் அட்சரேகை 20 டிகிரியில் இருக்கிறது. தைப்பூச சமயத்தில் சூரியனும் கிட்டத்தட்ட அங்கேதான் நிற்கிறது. பன்னிரண்டரை மணி வாக்கில் வெயில் உச்சந்தலையில் நேராக இறங்கும். காவடியின் நிழல் முகத்தை மூடும், கண்கள் இரண்டும் கறுப்புக் குழிகளாகிவிடும். முகம் வேண்டிய ஷாட்டுகளை ஆற்றங்கரைக் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். நடுப்பகலைப் பாதங்களுக்கு விடுங்கள். தார்ச்சாலை, வெறுங்கால், ஊற்றிய தண்ணீர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்வது. அதற்கு உச்சி வெயில்தான் வேண்டும். கோர் தெ கார்த் மலைக்கோயிலுக்குப் போகிறீர்கள் என்றால் ஒரு வாரம் முன்பே போய் அந்தப் படிகளில் உட்கார்ந்து, மலையின் நிழல் எப்போது எங்கே விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ப்ரீவிஸுக்கு பிளெண்டர் என்ற 3டி மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது, பழகியவருக்கு நல்ல கருவி. உங்களுக்கு அதைவிடப் பக்கத்தில் ஒன்று இருக்கிறது. ஜார்ஜ் லூகாஸ் 1977இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் விண்வெளிச் சண்டைக்கு, பழைய போர் விமானச் சண்டைக் காட்சிகளை வெட்டி ஒட்டி முதலில் ஒரு மாதிரி செய்துவைத்துக்கொண்டார். உங்கள் சொந்தக்காரர்களின் போன்களில் பழைய காவடி வீடியோக்கள் எத்தனை இருக்கும்! அவற்றை உங்கள் கதை வரிசையில் அடுக்குங்கள். கிடைக்காத இடத்தில் உங்கள் குச்சிப் படத்தை நான்கு விநாடி நிறுத்துங்கள். அடியில் அரோகரா சத்தம் ஓடட்டும். எந்த இடம் இழுக்கிறது, எங்கே ஒரு முகம் குறைகிறது என்று அன்றே தெரியும்.

உயிர் போய்விடுமா என்று கேட்டீர்கள். சத்யஜித் ராய் ‘பாதேர் பாஞ்சாலி’க்கு (1955) முழுத் திரைக்கதை எழுதி வைத்துக்கொள்ளவில்லை. நோட்டில் வரைந்த காட்சிப் படங்களும் குறிப்புகளும்தான் கையில். அந்தப் படத்தில் எங்கே உயிர் குறைந்தது? நாணல் பூத்த வெளியில் ஒரு நாள் எடுத்துவிட்டு, மறுவாரம் போனால் மாடுகள் அத்தனையையும் மேய்ந்துவிட்டிருந்தன. மறுபடி பூக்கும்வரை காத்திருந்தார். காவடியும் அப்படித்தான்.

வரைந்ததைக் கோயில் பெரியவர்களிடம் காட்டுங்கள். கேமரா எங்கே நிற்கப்போகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டால் அவர்களே இடம் சொல்வார்கள், எங்கே நிற்கக் கூடாது என்பதையும். விரதம் இருந்து வருகிறவரை ஷாட்டுக்காக ஒரு நொடியும் நிறுத்தாதீர்கள்.

எதிர்பாராமல் நடப்பவற்றுக்காக நான்கைந்து கட்டங்களை வெறுமையாக விடுங்கள். அவற்றுக்கென்று ஒரு நண்பனும் ஒரு போனும் வேலை எதுவும் இல்லாமல் இருக்கட்டும். முதல் கட்டத்தை வரையுமுன் அம்மாவிடம் உட்காருங்கள். அப்பா காவடி கட்டும்போது மயிற்பீலியை எந்தப் பக்கத்திலிருந்து கட்ட ஆரம்பிப்பார் என்று கேளுங்கள். வரைந்ததும் எனக்கு அனுப்புங்கள்.