பிள்ளைக்குப் பூட்டியின் பழைய பெயரை வைத்தால் பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்களா?

கேள்வி கேட்டவருக்குப் பெண் பிள்ளை பிறந்து பத்து நாளாம். மாமியார் தன் தாயாரின் பெயரை வைக்கச் சொல்கிறார், கணவர் ‘ஷ’ வருகிற மாதிரிப் புதிய பெயர் தேடுகிறார் என்று எழுதியிருக்கிறார்.

கேலி செய்வார்கள், தங்கச்சி. என் மகளின் பெயர் தையல்நாயகி. வயது பதினொன்று. கொழும்பில், வெள்ளவத்தையில் பிறந்து வளர்கிற பிள்ளை. மூன்றாம் வகுப்பில் ஒரு நாள் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே இருந்து அழுதாள். ‘தையல் மெஷின்’ என்று கூப்பிடுகிறார்களாம். ஒரு பெடியன் ‘டக டக டக’ என்று மெஷின் ஓடுகிற சத்தமும் போட்டானாம். அன்று இரவு என் கணவர் பெயரை மாற்றிவிடுவோமா என்று கேட்டார். எனக்கு நித்திரையே வரவில்லை.

இருந்தாலும் அந்தப் பெயரை வையுங்கள் என்றுதான் சொல்வேன். ஏனென்றால் மற்றப் பக்கத்தையும் நான் பார்த்திருக்கிறேன்.

மூத்தவன் 2009 இல் பிறந்தான். அத்த நட்சத்திரம். பூ, ஷ, ண, ட என்ற எழுத்துகளில் ஒன்றில் தொடங்க வேண்டும் என்றார் சாத்திரியார். நீங்கள் இப்போது பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு போனில் பட்டியல் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். நானும் அப்படித்தான் தேடினேன். டனுஷன் என்று வைத்தோம். எங்கேயும் கேள்விப்படாத பெயர் என்று அவ்வளவு சந்தோஷம். முதலாம் வகுப்பு இடாப்பில் பார்த்தால் ஒரு தனுஷன், ஒரு கபிஷன், ஒரு அபிஷன், ஒரு பவிஷன். ‘டானா டனுஷன்’, ‘தானா தனுஷன்’ என்று எழுத்தைச் சொல்லித்தான் ஆசிரியை கூப்பிட்டார். இப்போதும் நண்பர்களுக்கு அவன் ‘டானா’தான்.

‘ஷ’ வைத்தவர்களைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். அந்தப் பெயரை நான்தான் ஆசையாக வைத்தேன். தனித்தமிழ்க்காரர் சிலரும் வருவார்கள், ‘நாயகி’ வடசொல் என்று. பிறப்பில் சேவியர் ஸ்டனிஸ்லாஸ் ஆக இருந்து தனிநாயகம் ஆனவர் எங்கள் அடிகளார். உலகம் முழுக்கத் தமிழைக் கொண்டுபோன அந்த மனிதரின் பெயரிலும் ‘நாயகம்’ இருக்கிறது. எனக்கு அது போதும்.

எங்கள் வீட்டுப் பெயர்களையே பாருங்கள். அப்பப்பா கந்தையா, அவருடைய தம்பிமார் சின்னத்தம்பியும் ஆறுமுகமும். அம்மாவின் பக்கம் பரமேஸ்வரி, மகேஸ்வரி, யோகேஸ்வரி. நான் பிறந்த எண்பதுகளில் தெருவுக்குத் தெரு சுகந்தினி, தர்ஷினி. எல்லாமே ஒரு காலத்தில் புதுப் பெயர்கள்தான். அம்மாவுக்குப் பரமேஸ்வரி என்று வைத்தபோது அவருடைய பேத்தியாருக்கு, அதாவது பாட்டிக்கு, அது வாயில் நுழையவில்லையாம், கடைசிவரைக்கும் ‘பரமேசு’தான். இன்றைக்கு அதே பெயரைக் கேட்டால் அறுபது, எழுபது வயது அம்மாதான் கண்ணுக்கு முன்னால் வருகிறார். டனுஷனுக்கும் அந்த வயது வரும். அப்போது அவன் பெயரும் கிழவர் பெயராகத்தான் இருக்கும்.

யாழ்ப்பாணப் பேச்சில் பேரன் என்றால் தாத்தா, பேத்தி என்றால் பாட்டி. இந்தியாவில் அதே சொற்கள் பேரப்பிள்ளைகளைக் குறிக்கும். பெயரன் என்பதுதான் பேரன் ஆனது. பாட்டன் பெயரைப் பிள்ளைக்கு வைத்த வழக்கத்தில் இரண்டு பேருக்கும் ஒரே பெயர், அதனால் இரண்டு பக்கமும் அந்தச் சொல் நின்றுவிட்டது.

மகள் 2014 இல் பிறந்தாள். அதற்கு மூன்று மாதம் முன்னால்தான் அம்மம்மா போனார். யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைக்காரி. அங்கே வைத்தீஸ்வரன் கோயில் அம்பாளின் பெயர்தான் அவருக்கு. தொண்ணூறுகளில் ஊரைவிட்டு வந்தபோது அவர் கொண்டுவந்த சாமான்களில் ஒரு பித்தளைச் செம்பும் இருந்தது. விளிம்புக்குக் கீழே உளியால் புள்ளி புள்ளியாகக் குத்தி ‘தையல்நாயகி’ என்று எழுதியிருக்கும். புளி போட்டு விளக்கி விளக்கி ‘நா’வின் கால் தேய்ந்துவிட்டது. மகள் அழுத அடுத்த நாள் அந்தச் செம்பைத்தான் அவள் கையில் கொடுத்தேன். எழுத்துக் கூட்டத் தெரிந்த பிள்ளை, விரலை வைத்துத் தடவித் தடவி வாசித்தாள். “இது என்ர பேர்” என்றாள். பிறகு அவளுடைய தமிழ் ஆசிரியையிடம் போய்ப் பேசினேன். அவர் வகுப்பில் ‘தையல்’ என்றால் பழந்தமிழில் பெண் என்று சொல்லிக்கொடுத்தார். நோய் தீர்க்கிற வைத்தியநாதருக்குப் பக்கத்தில் தைலத்தோடு நிற்கிற அம்பாளின் கதையையும் சொன்னாராம். கேலி உடனே நிற்கவில்லை. இரண்டு தவணை இருந்தது, பிறகு விட்டுவிட்டார்கள். இப்போது யாராவது ‘தையா’ என்று சுருக்கினால் அவளே முழுதாகச் சொல்லச் சொல்கிறாள்.

ஒன்றை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். என் அம்மா இன்றுவரைக்கும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெற்ற தாயின் பெயரைச் சொல்லி எப்படி ஏசுவது என்று ‘குஞ்சு’ என்றே கூப்பிடுகிறார். உங்கள் மாமியாரும் அப்படித்தான் செய்வார், மனவருத்தப்படாதீர்கள்.

எண்சாத்திரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். மகனின் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு ‘ஏ’யைக் கூட்டி ‘எச்’சை எடுக்கச் சொன்னார் ஒருவர். பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, பள்ளிக்கூடத்தில் இன்னொரு மாதிரி. சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கும்போது இரண்டும் ஒத்துவரவில்லை. சமாதான நீதவானிடம் ஓடிச் சத்தியக் கடதாசி முடித்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனால், படிவம் சிங்களத்தில் மட்டும்தான். தமிழ்ப் படிவம் கேட்டதற்கு “முடிஞ்சுபோச்சு, அடுத்த கிழமை வாங்கோ” என்றார்கள். 1987 இல் பதின்மூன்றாம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி ஆனது. இத்தனை தமிழர் இருக்கிற கொழும்பில் நான் பக்கத்தில் நின்ற சிங்களப் பெண்ணிடம் கெஞ்சி நிரப்பவேண்டியிருந்தது. அந்தப் பிள்ளை நன்றாக இருக்கவேண்டும். கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், ஆனால் இன்னும் ஆறவில்லை.

பிறப்பைப் பதிய 42 நாள் இருக்கிறது. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு (பிள்ளை பிறந்த தீட்டுக் கழிக்கிற சடங்கு) முடிந்து பெயர் வைத்த பிறகும் நேரம் இருக்கும், அவசரப்படாதீர்கள். போகும்போது பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு தாளில் பெரிதாக எழுதிக்கொண்டு போங்கள். அவர்கள் எழுதியதை அங்கேயே, கையெழுத்து வைப்பதற்கு முன்னால், ஒவ்வோர் எழுத்தாகப் பாருங்கள்.